ஸ்லீவ் செய்தும் எடை திரும்பிவிட்டது, இன்னொரு ஆபரேஷன் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 46, உயரம் 160 செ.மீ. சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். 2018ல் இங்கேயே, எடை குறைய இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். அப்போது 110 கிலோ. ஒன்றரை வருஷத்தில் 76க்கு வந்தேன், சர்க்கரை மாத்திரையையும் நிறுத்தினார்கள். 2021லிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இப்போது 93 கிலோ. சர்க்கரையும் திரும்பிவிட்டது, கிளிபிசைட் சாப்பிடுகிறேன். ஒரு தோசைக்கு மேல் இறங்குவதில்லை, ஆனாலும் எடை ஏறுகிறது. ராத்திரியில் நெஞ்செரிச்சல் என்பதால் இரண்டு தலையணை வைத்துத்தான் தூக்கம். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று வேலை. ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கு நாலு வருஷமாகப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? "வயித்தை அறுத்தும் வாய் அடங்கலையே" என்று நாத்தனார் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். தெரிந்தவர் ஒருவர் சென்னைக்குப் போய், ஸ்லீவை இரைப்பை பைபாஸாக (சிறு பையாக்கிய இரைப்பையைச் சிறுகுடலோடு இணைக்கும் ஆபரேஷன்) மாற்றிக்கொண்டு வந்தார். செலவு குறைவு என்கிறார். நானும் செய்துகொள்ளலாமா? இல்லை, இப்போது வரும் ஊசியே போதுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உடற்பருமன் சிகிச்சைக் குழு ஒன்றில் உணவியல் நிபுணராக வேலை பார்க்கிறேன். கத்தி பிடிப்பவள் இல்லை. ஆனால் இரண்டாவது ஆபரேஷன் கேட்டு வருகிறவர்கள் அறுவை மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்னாலும் பின்னாலும் என் அறையில்தான் உட்காருவார்கள். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

உங்களுக்கு இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம். தேவைப்பட்டால் அதற்கு முதல் காரணம் எடையாக இருக்காது, நெஞ்செரிச்சலாக இருக்கும். கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் அந்த வரியில்தான் நின்றேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் கணக்கைச் சரிசெய்ய வேண்டும்.

"திரும்பிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். 34 கிலோ குறைந்தது, அதில் 17 கிலோ ஏறியிருக்கிறது. பாதி. மீதி 17 கிலோ ஏழெட்டு ஆண்டுகளாக உங்கள் உடம்பில் ஏறாமல் இருக்கிறது. 110 கிலோ உள்ள ஒருவர் உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் இத்தனை காலம் 17 கிலோ குறைவாக இருப்பது மிக அரிது. ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்று, ஓரளவு எடை திரும்புவது இந்த சிகிச்சையின் இயல்பு. ஸ்வீடனில் 1987ல் தொடங்கி ஆயிரக்கணக்கானோரைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டில் உடல் எடையில் சராசரியாக 32 சதவீதம் இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதமாக இருந்தது. ஆபரேஷன் செய்து ஒன்று, ஒன்றரை ஆண்டில் எடை அடிமட்டத்தைத் தொடும், பிறகு கொஞ்சம் ஏறும், பெரும்பாலோருக்கு ஒரு கட்டத்தில் நின்றுவிடும். உங்களுக்கு அந்தச் சராசரியைவிட அதிகமாகவே ஏறியிருக்கிறது. அதனால்தான் காரணம் தேட வேண்டும் என்கிறேன். நாத்தனார் சொன்ன காரணம் அதில் சேராது. எடை குறைந்த உடம்பு பசியைத் தூண்டும் ஹார்மோன்களைக் கூட்டும், செலவழிக்கும் சக்தியைக் குறைக்கும். இழந்ததைத் திரும்பச் சேர்க்கவே பார்க்கும். இதில் மானம், ரோஷம் எதற்கும் இடமில்லை.

சரி, நெஞ்செரிச்சலுக்கு வருகிறேன். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேலாக வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒடுங்கிய குழாயாக விடுகிறார்கள். குழாயின் அடிவாயில் பழையபடி இறுக்கமாகவே இருக்கும். உள்ளே அழுத்தம் கூடும்போது அமிலம் மேலே உணவுக்குழாய்க்கு ஏறும். முன்பு இரைப்பையும் உணவுக்குழாயும் சேரும் இடத்தில் இருந்த வளைவு இயற்கையான ஒரு தடுப்பாக வேலை செய்தது. அதுவும் ஆபரேஷனில் போய்விடுகிறது. சுவிட்சர்லாந்தில் ஸ்லீவையும் பைபாஸையும் ஐந்து ஆண்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏற்கெனவே நெஞ்செரிச்சல் இருந்தவர்களில் ஸ்லீவ் செய்த சுமார் மூன்றில் ஒருவருக்கு அது மோசமானது, பைபாஸ் பக்கத்தில் அது நூற்றுக்கு ஆறு பேர் அளவில்தான்.

இதைச் சும்மா விட்டால் உணவுக்குழாயின் உட்பகுதி புண்ணாகும். நாளாக நாளாக அந்தச் சவ்வே மாறிப்போகவும் கூடும். அந்த மாற்றம் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் அபாயம் கூடுகிறது. பயமுறுத்தவில்லை, பெரும்பாலோருக்கு அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனால் கேமரா விட்டுப் பார்க்காமல் தெரியாது. நிறையப் பேருக்கு அறிகுறியும் உள்ளே இருக்கும் சேதமும் ஒத்துப்போவதில்லை. ஆகவே முதல் வேலை எண்டோஸ்கோப்பி. அதில் உணவுக்குழாய்ப் புண், இரைப்பை மார்புப் பக்கம் ஏறியிருக்கிறதா, குழாய் எங்காவது முறுக்கியோ ஒடுங்கியோ இருக்கிறதா, மேல்பகுதி பெருத்துவிட்டதா என்றெல்லாம் பார்ப்பார்கள். பேரியம் திரவம் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுப்பதும் உண்டு. இந்த முடிவுகள் கையில் இல்லாமல் "இன்னொரு ஆபரேஷன் செய்துவிடலாம்" என்று யார் சொன்னாலும், இங்கேயானாலும் வெளிநாட்டிலானாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

இனி என் துறை. "ஒரு தோசைக்கு மேல் இறங்குவதில்லை, ஆனாலும் எடை ஏறுகிறது" என்கிறீர்கள். நம்புகிறேன். ஸ்லீவ் செய்தவர்களிடம் நான் ஓயாமல் கேட்கும் வாக்கியம் இது, பொய்யாக இருந்து பார்த்ததில்லை.

மூன்று நாள் சாப்பாட்டை எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். பெரும்பாலும் இப்படி இருக்கும்: காலையில் தேநீரில் நனைத்து மூன்று பிஸ்கட். பத்து மணிக்குக் கீழ்த்தள காப்பிக்கடையில் ஒரு தே. மதியம் கோழி நெஞ்சில் அடைத்ததால் இரண்டு துண்டோடு நிறுத்திவிட்டு, சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டது. நாலு மணிக்குக் கைப்பிடி முறுக்கு, இன்னொரு தே. ராத்திரி ஒரு தோசை, சட்னியோடு. படுக்குமுன் மைலோ. எந்த வேளையும் பெரிய சாப்பாடு இல்லை. வயிறு முட்டச் சாப்பிட்ட நேரமே இல்லை. ஆனால் நாள் முழுக்கச் சக்தி உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, புரதம் மட்டும் கிட்டத்தட்ட எதுவும் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? ஒடுங்கிய குழாயில் கோழி, மீன், முட்டை போன்ற திடமான உணவு இறங்க நேரமாகும், கனமாக உட்காரும். ரசஞ்சோறு, தயிர்சாதம், கஞ்சி, ஐஸ்கிரீம், தேநீரில் ஊறிய பிஸ்கட் எல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விடும். அடைக்கிறதை உடம்பு தானாகத் தவிர்க்கும், வழுக்குகிறதைத் தேடும். அதோடு நெஞ்செரிச்சலும் சேர்ந்தால், வாயில் எதையாவது மென்றால் எரிச்சல் அடங்கும் என்று கை தன்னால் டப்பாவுக்குப் போகும். உங்களுக்கும் இப்படி நடக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள். எரிச்சலும் எடையும் தனித்தனிப் பிரச்சினை என்று நினைக்கிறோம், நிறையப் பேரிடம் அவை ஒன்றை ஒன்று வளர்க்கின்றன.

இதில் மாற்றக்கூடியவை சில இருக்கின்றன, ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும். சாப்பாட்டில் புரதத்துக்கே முதல் வாய். உங்களுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வேண்டும். இரண்டு முட்டையில் 12, 13 கிராம்தான் வரும் என்றால் எவ்வளவு திட்டமிட வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோழி அடைத்தால் மீனுக்கு மாறுங்கள். உணவங்காடி நிலையத்தில் மீன் சூப் கடை இல்லாத இடம் குறைவு. சோறோ பீஹூனோ வேண்டாம் என்று சொல்லி மீனைக் கூடுதலாகக் கேட்டு வாங்கலாம். சூப்பைச் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள். திடத்தையும் நீரையும் சேர்த்தால் சீக்கிரம் இறங்கிவிடும், அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். சைவ நாள்களில் தாவ் குவாவை (கெட்டி டோஃபு) சிறுசிறு துண்டாக வாட்டி, கெட்டியான பருப்போடு வைத்துக்கொள்ளுங்கள். சாம்பாரைப் பருப்பு என்று கணக்கில் எழுதுகிறவர்களை நான் விடுவதில்லை, நம் வீட்டுச் சாம்பாரில் தண்ணீர்தான் அதிகம்.

காப்பிக்கடையில் "தே" என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பால் போட்ட இனிப்புத் தேநீர் வரும். "தே சி கோசோங்" என்று கேட்டால் பால் இருக்கும், சீனி இருக்காது. நாளுக்கு மூன்று குவளை குடிப்பவருக்கு இந்த ஒரு மாற்றமே ஒரு சிறு சாப்பாட்டுக்குச் சமம். 2023 முடிவிலிருந்து கடையில் அப்போதைக்கப்போது தயாரிக்கும் பானங்களுக்கும், சீனியையும் கொழுப்பையும் வைத்து ஏ முதல் டி வரை தரம் போடும் நியூட்ரி-கிரேடு முறை வந்திருக்கிறது. குமிழித் தேநீர்க் கடைப் பலகையில் சி, டி என்று எழுதியிருப்பதை ஒரு பார்வை பாருங்கள்.

உணவைத் தாண்டியும் காரணங்கள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. கிளிபிசைட் சர்க்கரையைக் குறைக்க உடலை அதிகமாக இன்சுலின் சுரக்க வைக்கும் மருந்து. எடை கூட்டும், சில நேரம் சர்க்கரையைத் தாழ்த்திப் பசியையும் கிளப்பும். எடையைக் கூட்டாத மெட்ஃபார்மின், எடையைக் கொஞ்சம் குறைக்கவும் செய்யும் எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாற்றுகள் உண்டு. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) மருத்துவரிடம் "எனக்கு ஸ்லீவ் ஆகியிருக்கிறது, எடை ஏறுகிறது, இதை மாற்ற முடியுமா" என்று கேளுங்கள். மனச்சோர்வு, வலிப்பு, ஒவ்வாமை, மூட்டுவலி என்று வேறு எதற்காவது மருந்து எடுத்தால் அந்தப் பட்டியலையும் காட்டுங்கள், எடை கூட்டும் மருந்துகள் அவற்றிலும் உண்டு. தைராய்டு பரிசோதனையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரவு வேலை, 46 வயதில் மாதவிடாய் மாறும் காலம், உடைந்த தூக்கம் மூன்றும் பசியைக் கூட்டுபவை. குறட்டை விடுகிறீர்கள் என்று வீட்டில் யாராவது சொன்னால் தூக்கப் பரிசோதனையும் செய்ய வேண்டும். வேலை நேரத்தை மாற்ற முடியாது என்றால் இரவு வேலைக்குக் கையோடு ஒரு டப்பா கொண்டுபோங்கள். அவித்த முட்டை, சுண்டல், சீனியில்லாத தயிர். அதிகாலை மூன்று மணிக்கு அலுவலகத்தில் கிடைப்பது கப் நூடுல்ஸ்தான்.

ஊசி விஷயம். லிராக்ளூடைட், செமாக்ளூடைட், டிர்செப்படைட் என்ற மருந்துகளைத்தான் கேட்கிறீர்கள். இவை மூளையில் பசியைக் குறைத்து, சாப்பாடு வயிற்றில் அதிக நேரம் தங்கவும் வைக்கும். ஆபரேஷன் செய்யாதவர்களிடம் நடந்த பெரிய ஆய்வுகளில் செமாக்ளூடைட் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் அளவிலும், டிர்செப்படைட் உயர்ந்த அளவில் 72 வாரத்தில் 20 சதவீதத்துக்கு மேலும் எடையைக் குறைத்தன. ஆபரேஷனுக்குப் பிறகும் வேலை செய்யுமா? ஆபரேஷனால் போதிய அளவு எடை குறையாதவர்களுக்கு லிராக்ளூடைட் கொடுத்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வு 2023ல் வெளியானது. ஆறு மாதத்துக்குள் சுமார் 9 சதவீதம் குறைந்தது, மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு அரை சதவீதம்தான். சிறிய ஆய்வுதான், இருந்தாலும் எங்கள் கிளினிக்கில் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. நீரிழிவும் இருப்பதால் உங்களுக்கு இரட்டை லாபம்.

நெஞ்செரிச்சல் இல்லாமல் இதே கடிதம் வந்திருந்தால், முதலில் ஊசி, ஆபரேஷனைப் பிறகு பார்க்கலாம் என்று தயங்காமல் எழுதியிருப்பேன். உங்கள் நிலையில் இரண்டு தயக்கம். இந்த மருந்துகள் வயிற்றைக் காலியாக்குவதைத் தாமதப்படுத்துவதால் சிலருக்கு எரிச்சலும் வாந்தியும் கூடும். அப்புறம், நிறுத்தினால் எடை திரும்பும். செமாக்ளூடைட் ஆய்வில் நிறுத்திய ஓராண்டில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. எனவே மாதா மாதம் ஆகும் செலவை ஓராண்டுக்குக் கணக்குப் போடாமல் பல ஆண்டுக்குப் போடுங்கள். இணையத்திலும் தெரிந்தவர் மூலமும் வரும் மலிவு ஊசியைத் தொடவே வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சரி, எண்டோஸ்கோப்பியில் மோசமான எரிச்சல் புண் தெரிகிறது, மாத்திரையிலும் அடங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுவது நல்ல வழி. மேலே சிறு பை ஒன்றை மட்டும் விட்டு அதைச் சிறுகுடலோடு இணைப்பார்கள். அமிலம் சுரக்கும் பெரும்பகுதி பாதையிலிருந்து விலகிவிடும். எரிச்சலுக்கு இது மிக நன்றாகக் கேட்கும். எடைக்கு அந்த அளவு கேட்காது. இரண்டாவது ஆபரேஷனில் குறையும் எடை முதல் முறை குறைந்ததைவிடக் குறைவாகவே இருக்கும், சிலருக்கு மிகக் குறைவு. மறுபடி 76ஐப் பார்ப்பேன் என்ற நினைப்போடு மேசையில் படுத்தால் ஓராண்டு கழித்து இன்னொரு ஏமாற்றம்தான். எரிச்சல் போகும், சர்க்கரை கட்டுப்படும், எடை ஓரளவு குறையும், தேவைப்பட்டால் ஊசியும் சேரும். இதுதான் நான் எதிர்பார்க்கச் சொல்வது.

குடலை இன்னும் நீளமாகத் தாண்டவிடும் ஆபரேஷன்களும் உண்டு. எடை அதிகம் குறையும், ஆனால் புரதமும் விட்டமின்களும் சரியாக உறிஞ்சப்படாது. நாலு வருஷம் மருத்துவமனைப் பக்கம் போகாமல் இருந்த ஒருவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, அந்த ஆபரேஷனுக்கு வாழ்நாள் முழுக்க ரத்தப் பரிசோதனை தவறக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். மிச்ச இரைப்பையை மறுபடி வெட்டிச் சிறிதாக்குவதும் உங்களுக்கு ஆகாது, எரிச்சல் கூடவே வாய்ப்பு.

இரண்டாவது ஆபரேஷனின் ஆபத்து முதலாவதைவிட அதிகம். முதல் முறை வெட்டிய இடத்தில் தழும்பு ஒட்டியிருக்கும், ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். தையல் இடத்தில் கசிவு, ரத்தக்கசிவு, பிறகு ஒடுங்கிப்போவது எல்லாம் கூடுதலாக வரக்கூடும். அனுபவமுள்ள கையில் பெரும்பாலோர் நன்றாகவே வெளியே வருகிறார்கள். இந்த வகை மாற்று ஆபரேஷனை எத்தனை முறை செய்திருக்கிறீர்கள் என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சென்னை பற்றி. அங்கே திறமையான அறுவை மருத்துவர்கள் இருக்கிறார்கள், அதில் சந்தேகம் வேண்டாம். என் கவலை ஆபரேஷனுக்குப் பிந்தைய வாரங்களைப் பற்றியது. கசிவு சில நாளில் தெரியலாம், சில வாரம் கழித்தும் தெரியலாம். ஈசூன் வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சலும் வயிற்றுவலியும் வந்தால், உங்களை எடுத்துக்கொள்ளும் மருத்துவருக்கு உள்ளே யார் எதை எங்கே இணைத்தார்கள் என்று தெரியாது. வயிற்றுப் பெரிய ஆபரேஷன் முடிந்த சூட்டோடு நான்கு மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் மடங்கி உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. பணக் கணக்கிலும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: மெடிசேவை (மருத்துவச் செலவுக்கான உங்கள் மத்திய சேமநிதிக் கணக்கு) இந்தியாவில் பயன்படுத்த முடியாது. இங்கே பொதுவாக நீரிழிவு போன்ற நோய் இருந்தால் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையின் அளவுகோல்) 32.5க்கு மேல், இல்லாவிட்டால் 37.5க்கு மேல் என்று இந்த அறுவைக்கு வரையறை வைத்திருக்கிறார்கள். உங்களுடையது 36 சொச்சம், நீரிழிவும் இருக்கிறது. பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு பொது மருத்துவமனைக்குப் போனால் மானியக் கட்டணம். சேர்வதற்கு முன் நிதி ஆலோசகரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். தனியார் காப்புறுதி இருந்தால் முன் அனுமதியும் எழுத்தில் வேண்டும். இதையெல்லாம் கேட்டுப் பார்த்த பிறகும் சென்னைதான் என்றால், பரிசோதனைகளை இங்கே முடித்துவிட்டு, இங்கே ஒரு குழு தொடர்ந்து பார்க்கச் சம்மதித்த பிறகு டிக்கெட் போடுங்கள். ஆபரேஷன் அறிக்கையின் நகல் இல்லாமல் திரும்பாதீர்கள்.

எந்த முகத்தோடு போவது என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனையோ பேர் நீங்கள் நினைப்பதையே நினைத்துக்கொண்டு, ஓரிரு ஆண்டு தள்ளிப்போட்டு வந்தவர்கள்தான். அவர்களை யாரும் திட்டுவதில்லை. திட்டுகிற மருத்துவர் கிடைத்தால் வேறு மருத்துவரைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. வீட்டில் கணவரையோ மகளையோ கூட அழைத்து வாருங்கள். டயட்டீஷியன் அறைக்குள்ளும் அவர்கள் வரட்டும். சமைப்பவரும் பரிமாறுபவரும் கேட்டால்தான் வீட்டில் மாற்றம் நடக்கும்.

சந்திப்பு கிடைக்கச் சில வாரம் ஆகலாம். அதுவரை இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுங்கள். இரவு வேலை முடிந்து காலையில் வந்ததும் சாப்பிட்டுப் படுக்கிறீர்கள் என்றால் அங்கேயும் இதே கணக்குத்தான். தலையணையைக் கூட்டுவதைவிடக் கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவது நல்லது, தலையணை கழுத்தை மட்டும் மடக்கும். ஓமிப்ரசோல் போன்ற மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, சொன்னபடி சாப்பாட்டுக்கு முன் எடுங்கள். ஸ்லீவ் செய்தவர்கள் வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டிய விட்டமின் மாத்திரையை நிறுத்தியிருந்தால் இன்றே தொடங்குங்கள். பி12, இரும்பு, விட்டமின் டி, ஃபோலேட், கால்சியம் அளவுகளை ரத்தப் பரிசோதனையில் சேர்க்கச் சொல்லுங்கள். நாலு வருஷ இடைவெளியில் ஏதாவது ஒன்று இறங்கியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

விழுங்கும்போது உணவு நெஞ்சில் சிக்குவது, மலம் தார் போலக் கறுப்பாகப் போவது, ரத்த வாந்தி, தண்ணீர்கூடத் தங்காமல் தொடர்ந்து வாந்தி இவற்றில் எது வந்தாலும் சந்திப்புத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். கறுப்பு மலம், ரத்த வாந்தி, நிற்காத வாந்தி என்றால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய், ஸ்லீவ் ஆகியிருக்கிறது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கு விட்டமின் பி1 தீர்ந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே அந்த ஊசியைப் போட வேண்டும். ஸ்லீவ் என்று தெரிந்தால்தான் அவர்களுக்கு அது நினைவுக்கு வரும்.